புதுக் கம்பெனிக்கு முதல் தேவை பணமா, வழிகாட்டியா?

கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கிய எல்லோருக்கும் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து யாரும் கம்ப்யூட்டர் கற்றுக் கொள்வதில்லை. ஹெல்ப் மெனுவில் எல்லாமே எழுதியிருக்கிறது. ஆனாலும் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் நாம் தேடுவது ஹெல்ப் மெனுவை அல்ல. இதே போன்ற பிரிண்டரோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிய ஒருவரைத்தான் தேடுகிறோம். அவர் வந்து, "கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தீர்களா? டிபால்ட் பிரிண்டர் எது?" என்று இரண்டு கேள்விகள் கேட்பார். அத்துடன் வேலை முடிந்துவிடும்.

கம்பெனி நடத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான். அனுபவப்பட்ட ஒருவர் சரியான நேரத்தில் கேட்கும் இரண்டு கேள்விகள் ஒரு புதிய கம்பெனியைக் காப்பாற்றிவிடும். இப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் மென்டார் என்கிறார்கள். நாம் வழிகாட்டி என்று சொல்வோம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, திருப்போரூர் பக்கம் சாப்ட்வேர் வேலைக்குப் போகும் ஒருவராவது இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். அவர்களில் ஒருவர், உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம், ஒருநாள் இரவுச் சாப்பாட்டின் போது, "வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கப் போகிறேன்" என்று சொல்லக்கூடும். அப்போது வீட்டில் என்ன கேட்கிறோம்? "பணம் எவ்வளவு வேண்டும்? ஆபீஸ் எங்கே? எப்போது லாபம் வரும்?" என்றுதான் கேட்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "உனக்கு வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்பதே அது. வீட்டு நகையும் சேமிப்பும் போகக்கூடிய விஷயம் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கட்டடத்துக்குக் குறைவில்லை

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது செங்கல்பட்டு. கம்ப்யூட்டர் துறையைப் பொறுத்தவரை இது சாதாரண மாவட்டம் அல்ல. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி இருக்கிறது. சிறுசேரியில் சிப்காட் ஐடி பார்க் இருக்கிறது. ஜோஹோ கம்பெனியின் தலைமை அலுவலகம் கூடுவாஞ்சேரி பக்கம் எஸ்டான்சியா வளாகத்தில் இருக்கிறது. வண்டலூரில் கிரசென்ட் கல்வி நிறுவனம் புதிய கம்பெனிகளை வளர்த்தெடுக்கும் இன்குபேஷன் மையம் ஒன்றை நடத்துகிறது. தையூரில் ஐஐடி மெட்ராஸின் டிஸ்கவரி வளாகம் உள்ளது. ஹைப்பர்லூப் வாகனத்தைச் சோதிக்க 422 மீட்டர் நீளத்தில் குழாய்த் தடம் அமைத்திருப்பது அங்கேதான்.

கட்டடங்கள், இன்டர்நெட், மின்சாரம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஒரு புதிய நிறுவனர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து மனம் விட்டுப் பேச ஒரு மூத்தவர் வேண்டுமே, அவர் கட்டடத்தோடு சேர்ந்து வருவதில்லை. இந்தக் குறையைத்தான் நாம் பேச வேண்டும்.

ஜோஹோ என்ற பள்ளிக்கூடம்

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனிதான் 2009-ல் ஜோஹோ ஆனது. வெளி முதலீட்டாளர் பணத்தை வாங்காமலேயே வளர்ந்த கம்பெனி இது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த மாணவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, வேலையைக் கற்றுத் தரும் ஜோஹோ ஸ்கூல்ஸ் பற்றிப் பலரும் அறிந்திருப்பீர்கள்.

இந்தக் கம்பெனிக்குள் பெயர்ப் பலகை இல்லாத இன்னொரு பள்ளிக்கூடமும் இயங்கி வந்திருக்கிறது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2010-ல் வெளியே வந்து, ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து பிரெஷ்டெஸ்க் தொடங்கினார். அதுவே பிறகு பிரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 100 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. 2011-ல் சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ கம்பெனியின் நிறுவனர்களிலும் ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள் உண்டு.

இவர்கள் எல்லாம் புத்திசாலிகள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடக் கூடாது. ஒரு சாப்ட்வேருக்கு விலை எப்படி வைப்பது, அமெரிக்க வாடிக்கையாளர் கோபமாக எழுதிய இமெயிலுக்கு எப்படிப் பதில் எழுதுவது, எந்த வசதியைச் சேர்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் அவர்கள் தினமும் அருகில் இருந்து பார்த்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக் கொண்டே படித்த படிப்பு அது. வெளியே வந்த பிறகும் சந்தேகம் கேட்கப் பழைய நண்பர்கள் இருந்திருப்பார்கள்.

அப்படியானால் மதுராந்தகத்திலோ செய்யூரிலோ இருந்து படித்து, பெரிய கம்பெனி எதிலும் வேலை பார்க்காமல், நல்ல யோசனை ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கும் பெண்ணோ பையனோ யாரைக் கேட்பது? அப்பா விவசாயி அல்லது கடை வைத்திருப்பவர். சொந்தக்காரர்களில் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. ஓ.எம்.ஆர். சாலையில் இருப்பவருக்குத் தானாகக் கிடைக்கும் அறிவு, அதே மாவட்டத்தில் இருக்கும் இவருக்குக் கிடைப்பதில்லை. திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. பழக்கத்தில்தான் வித்தியாசம். இந்த இடைவெளியை நிரப்பவே வழிகாட்டி தேவை என்பது என் கருத்து.

வழிகாட்டி என்னதான் செய்வார்?

கற்பனையாக ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு நண்பர்கள் மளிகைக் கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் எழுதி விற்கிறார்கள். இப்போது 30 கடைகள் வாடிக்கையாளர்கள். கடைக்கு மாதம் 1,000 ரூபாய் என மாத வருமானம் 30,000. சம்பளம், வாடகை, சர்வர் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,00,000. வங்கியில் 5,00,000 இருக்கிறது. மாதத்துக்கு 4 புதிய கடைகள் சேர்கின்றன. நண்பர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள். மாதா மாதம் வாடிக்கையாளர் கூடுகிறாரே!

அனுபவப்பட்டவர் இதைக் கேட்டவுடன் எக்ஸெல்லைத் திறக்கச் சொல்வார். முதல் மாதம் 70,000 ரூபாய் துண்டு விழும். அடுத்த மாதம் 66,000. அதற்கடுத்த மாதம் 62,000. இப்படியே கணக்கை இழுத்துப் பாருங்கள். 9 மாதம் வரை பணம் தாங்கும். 10-வது மாதம் சம்பளம் போட முடியாது. ஆனால் வரவும் செலவும் சமமாக 100 கடைகள் வேண்டும். இதே வேகத்தில் போனால் 100-ஐத் தொட 18 மாதம் ஆகும். பாலம் பாதி ஆற்றோடு நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் உற்சாகத்தில் இருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மாட்டார். அடுத்து வழிகாட்டி இப்படிக் கேட்பார்:

"மாதம் 1,000 ரூபாய் என்று விலையை முடிவு செய்தது யார்? 1,500 கேட்டால் எத்தனை கடைக்காரர்கள் போய்விடுவார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா?"

"இரவு 9 மணிக்குக் கடையில் கூட்டம். பில் பிரிண்ட் ஆகவில்லை. யார் போனை எடுப்பார்?"

"கம்பெனியில் ஆளுக்குப் பாதிப் பங்கு என்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பாதி என்ன ஆகும்?" பங்கு ஒரே நாளில் சொந்தமாகாமல் நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும்படி எழுதி வைப்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். முதல் ஆண்டு முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. புதியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

"உங்கள் வெப்சைட்டின் டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?" வெப்சைட் செய்து கொடுத்த நண்பரின் பெயரில் டொமைன் இருந்து, பிறகு சண்டை வந்தால், கம்பெனியின் முகவரியே கையை விட்டுப் போய்விடும்.

"முன்பு வேலை பார்த்த கம்பெனியின் லேப்டாப்பிலா இந்த புரோகிராமை எழுதினீர்கள்? வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து என்ன சொல்கிறது?"

இந்தக் கேள்விகளுக்குப் பதிலை வழிகாட்டி சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலே போதும். கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் கன்ட்ரோல் இசட் அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கம்பெனியில் அன்டூ வசதி கிடையாது. அதனால்தான் முன்கூட்டியே கேட்க ஒருவர் வேண்டும்.

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களுக்குப் போனவர்கள் கல் வேலையைக் கவனித்திருப்பீர்கள். 1957-ல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி உள்ள ஊர் அது. அந்தக் கலையில் ஏட்டுப் படிப்போடு மூத்த சிற்பியின் பார்வையும் வேண்டும். கல்லில் ஒரு சில்லு தவறாகப் பெயர்ந்துவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழகுபவரின் கையிலிருந்து உளியை வாங்கித் தானே செதுக்கி முடித்துவிட்டால் அவர் ஒருநாளும் சிற்பி ஆகமாட்டார். கம்பெனி வழிகாட்டிக்கும் இது பொருந்தும். முடிவு எடுக்க வேண்டியவர் நிறுவனர்தான்.

முதலீட்டாளர் வேறு, வழிகாட்டி வேறு

உங்களில் பலர் ஆப்பிள் கம்பெனியின் கதையைப் படித்திருப்பீர்கள். ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இரண்டு ஸ்டீவ்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மைக் மார்க்குலா என்ற மூன்றாமவரைப் பலருக்குத் தெரியாது. இன்டெல் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்த்துவிட்டு இளம் வயதிலேயே ஓய்வு பெற்றவர் இவர். 1977-ல் ஆப்பிளுக்கு முதலீடாகவும் கடனாகவும் 2,50,000 டாலர் கொடுத்தார். அதைவிட முக்கியம், வியாபாரத் திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தது, அனுபவமுள்ள ஒருவரைத் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டு வந்தது, வாடிக்கையாளரை எப்படிப் புரிந்து கொள்வது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தது ஆகியவை. ஆனால் அவர் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக் கொண்டார் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் பங்குதாரரும்தான்.

பில் கேம்ப்பெல் வேறு வகை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். பிறகு ஆப்பிளில் வேலை பார்த்தார். இன்ட்யூட் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். கூகுளின் எரிக் ஷ்மிட், லேரி பேஜ், ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆகியோர் இவரிடம் ஆலோசனை கேட்டவர்கள். 2016-ல் காலமானார். உலகத்தின் பெரிய கம்பெனிகளை நடத்தியவர்களுக்கே பேச ஒரு ஆள் தேவைப்பட்டபோது, முதல் கம்பெனி தொடங்கும் 24 வயதுக்காரருக்கு வேண்டாமா?

நம் பக்கத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா 1990களிலிருந்தே டெனெட் குழு மூலம், ஆய்வுக்கூடத்தில் உருவானதைக் கம்பெனியாக்கும்படி தன் மாணவர்களை ஊக்குவித்து, கூடவே நின்றார். மிடாஸ் போன்ற கம்பெனிகள் அப்படி வந்தவை. பிறகு உருவான ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கிலும் அவரது பங்கு பெரியது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜியை 2013-ல் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஐஐடி மெட்ராஸில்தான் தொடங்கினார்கள். 2025 மே மாதம் அது இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது.

இப்போது சென்னை சாப்ட்வேர் நிறுவனர்கள் சாஸ்பூமி என்ற அமைப்பின் மூலம் ஒருவருக்கொருவர் அனுபவத்தைப் பகிர்ந்து கொள்கிறார்கள். டை சென்னை அமைப்பிலும் மூத்த தொழில்முனைவோர் புதியவர்களுக்கு நேரம் கொடுக்கிறார்கள். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பும் இதற்கு உதவுகிறது. மத்திய அரசு 2023-ல் மார்க் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. வழி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றின் கூட்டங்கள் பெரும்பாலும் சென்னையில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழ் மீடியத்தில் படித்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சந்தேகத்தைக் கேட்காமலேயே பஸ் ஏறிவிடுகிறார்.

வழிகாட்டி இல்லாமல் ஜெயித்தவர்கள் இல்லையா?

நிச்சயம் உண்டு. "அனுபவமே ஆசான். விழுந்து எழுந்துதான் கற்றுக் கொள்ள வேண்டும்" என்று சிலர் வாதாடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வாடிக்கையாளரைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. ஒரு நாள் முழுவதும் மளிகைக் கடையில் நின்று பார்ப்பது, பத்து ஆலோசகர்களின் பேச்சைக் கேட்பதைவிட மேல். ஆனால் விழுந்து எழுவதற்கும் வசதி வேண்டும். பணக்கார வீட்டுப் பையன் மூன்று முறை விழலாம். அம்மாவின் வளையலை அடகு வைத்துத் தொடங்கியவர் ஒரு முறைதான் விழ முடியும். அடுத்தவர் விழுந்த பள்ளத்தைத் தெரிந்து கொண்டு சுற்றிப் போவது அவருக்குக் கட்டாயம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். மென்டார் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் வழிகாட்டிகள் அல்ல. சொந்தமாக ஒரு பெட்டிக்கடையும் நடத்தாதவர்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் கட்டணம் வாங்கிக் கொண்டு கம்பெனி நடத்தக் கற்றுத் தருகிறார்கள். கம்பெனி வெப்சைட்டில் தன் போட்டோவைப் போட்டுக் கொள்ள மட்டும் சம்மதித்து, அதற்குப் பங்கு கேட்பவர்களும் உண்டு. எனவே ஒருவரை வழிகாட்டியாக ஏற்கும் முன் நான்கு விஷயங்களைச் சரிபார்த்திடுங்கள்.

1. அவர் தானே தொழில் நடத்தியவரா? நஷ்டப்பட்ட கதையையும் மறைக்காமல் சொல்கிறாரா?

2. இதனால் அவருக்கு என்ன லாபம்? பங்கோ கட்டணமோ கேட்டால் தவறில்லை. ஆனால் சில மாதங்கள் பழகிய பிறகு, எழுத்தில் இருக்க வேண்டும்.

3. முதல் சந்திப்பில் அவர் அதிகம் கேட்டாரா, அதிகம் பேசினாரா?

4. மாதம் ஒரு மணி நேரமாவது தவறாமல் கொடுப்பாரா?

எப்படிக் கேட்பது?

"எனக்கு மென்டாராக இருங்கள்" என்று முதல் இமெயிலிலேயே எழுதாதீர்கள். யாரும் பதில் போட மாட்டார்கள். அது பெரிய பொறுப்பு. சின்னதாகக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். மதுராந்தகத்தில் மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செய்து தருகிறோம். 30 கடைகள் பணம் கொடுத்துப் பயன்படுத்துகின்றன. விலையை ஏற்றலாமா என்பதில் குழப்பம். நீங்கள் இதே நிலையைக் கடந்து வந்தவர். அடுத்த வாரம் 30 நிமிடம் போனில் பேச முடியுமா? கணக்கை ஒரு பக்கத்தில் இணைத்துள்ளேன்."

யார், என்ன பிரச்சினை, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. பேசிய பிறகு ஒரு மாதம் கழித்து, "நீங்கள் சொன்னபடி செய்தோம், இது நடந்தது" என்று மறக்காமல் எழுதுங்கள். சொன்னபடி செய்யாவிட்டாலும், ஏன் செய்யவில்லை என்று எழுதுங்கள். இப்படி மூன்று முறை எழுதினால் அவர் தானாகவே உங்கள் வழிகாட்டி ஆகிவிடுவார். ஒவ்வொரு சந்திப்புக்கும் கையில் உள்ள பணம், வாடிக்கையாளர் எண்ணிக்கை, போன முறை ஒப்புக் கொண்ட வேலைகள் ஆகிய மூன்றையும் ஒரே எக்ஸெல் ஷீட்டில் கொண்டு போங்கள். உண்மைக் கணக்காக இருக்கட்டும். டாக்டரிடம் பொய் சொன்னால் மருந்து வேலை செய்யாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை மாணவர்கள் ஒரே வழிகாட்டியை ஆறு முறையாவது சந்தித்தார்கள் என்று எண்ணுங்கள்.

ஓ.எம்.ஆரிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் உள்ள கம்பெனிகளில் இருபது ஆண்டு அனுபவம் பெற்றவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சென்னை ஓட்டல் அரங்கம் வேண்டாம். மதுராந்தகத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒரு பள்ளி வகுப்பறை போதும். தமிழில் பேசுங்கள். செலவு பஸ் கட்டணம் மட்டுமே.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை கம்பெனி தொடங்குகிறேன் என்றால் பயந்து தடுக்கவும் வேண்டாம். பெருமையில் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடவும் வேண்டாம். "உனக்கு வழி சொல்பவர் யார்? அவரை எப்போது கடைசியாகப் பார்த்தாய்? அவர் என்ன கேட்டார்?" என்று கேளுங்கள். பெயரும் தேதியும் பதிலாக வந்தால் நம்பிக்கையோடு அடுத்த பேச்சுக்குப் போகலாம். வரவில்லை என்றால், பணத்தைக் கொஞ்ச நாள் வங்கியிலேயே வைத்துவிட்டு, முதலில் அந்த இமெயிலை எழுதச் சொல்லுங்கள்.